கவிழ்த்து வைத்த கிளாஸ்

டீயைக் குடித்து முடித்ததும் இராஜாங்கம் கிளாஸை அப்படியே வைத்துவிடமாட்டார். அடியில் கிடக்கும் வண்டலை ஒரு சுழற்றுச் சுழற்றி மண்ணில் வீசுவார். தண்ணீர் விட்டு, கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தேய்த்து அலசுவார். பிறகு சத்தம் வராமல் கவிழ்த்து வைப்பார்.

எங்கள் நாடகக் கொட்டகையிலும் இதே கதைதான்.

"வைங்கண்ணே, நாங்க கழுவிக்கிறோம்."

"கை கேக்க மாட்டேங்குது தம்பி."

தியாகேசன் டீக்கடையில் காலனி ஆட்களுக்கென்று வெளியே மூங்கில் தட்டியில் தனி கிளாஸ்கள் இருந்தன. குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். ஆற்றில் தண்ணீர் வராமல் நடவு பொய்த்த ஒரு வருஷம் இராஜாங்கம் துபாய்க்குப் போனார். ஏதோ கம்பெனியில் டீ போடும் வேலை. தொண்ணூற்றெட்டில் திரும்பி வந்து சொன்னார்: "நான் போட்ட டீய அரபியும் குடிச்சான், மலையாளியும் குடிச்சான். ரூம்ல நம்மூரு ஆளுங்களுக்கும் எனக்கும் ஒரே கிளாஸ்தான்."

அந்தப் பேச்சைத்தான் வீதி நாடகமாக்கினோம். இராஜாங்கமாக அவரே நடித்தார். கடைசிக் காட்சியில், தியாகேசன் கடை வாசலிலேயே, தட்டி கிளாஸில் டீ குடித்துவிட்டு அதைத் தரையில் அடித்து உடைக்க வேண்டும்.

"அந்தச் சத்தத்துக்குத்தான் தம்பி நான் வர்றதே" என்றார்.

ஒத்திகையில் வெறும் கொட்டாங்குச்சியை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் ஓங்கித்தான் அடித்தார்.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம் ஊரே கூடியிருந்தது. பறை நின்றது. நிஜ கிளாஸில் நிஜ டீ. மெதுவாகக் குடித்தார். "அங்க எல்லாருக்கும் ஒரே கிளாஸ்!" என்று வசனத்தைச் சொல்லிக் கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கியது. வண்டலைச் சுழற்றி வீசினார். தண்ணீர் மொண்டார். கட்டைவிரல் விளிம்பைச் சுற்றி வந்தது. கிளாஸ் தட்டியில் கவிழ்ந்தபோது சத்தமே இல்லை.

"என்னா நடிப்பு!" என்று யாரோ கைதட்டினார்கள்.

அடுப்பருகிலிருந்து தியாகேசன் சிரித்தார். "துபாய் போயும் பாடம் மறக்கலியேடா, ராஜாங்கம்!"

கூட்டமும் சிரித்தது. இராஜாங்கம் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். அதன்பின் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

சில வருஷம் கழித்து அவர் சாவுக்கு முத்துப்பேட்டையிலிருந்து அஹமது கபீர் வந்திருந்தார். துபாயில் அவரோடு ஒரே ரூமில் இருந்தவர். நாடகத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஒரே கிளாஸுன்னா சொன்னாரு? ரூம்ல பாதிப் பேரு உங்க ஊருப் பக்கத்து ஆளுங்க. இவரு கிளாஸ் மட்டும் ஜன்னலோரமா தனியா கவுந்திருக்கும். என்னங்க இதுன்னு நான் சண்டைக்குப் போனேன். 'விடுங்க பாய், ஊருல மட்டும் சொல்லிடாதீங்க'ன்னாரு."