விளக்கு வைக்கிற நேரத்துத் தூக்கம்

பிள்ளைகளே, விளக்கு வைக்கிற நேரத்தில் நீங்கள் கண்ணயர்ந்தால் உங்கள் அம்மா எழுப்ப வருவாள், நான் கையைக் காட்டித் தடுப்பேன். ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லாம் உங்கள் பெரியப்பாவால்தான். நான் எட்டாவது வரை படித்தவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

பெரியப்பா விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். நெம்புகோலை இழுத்து, வண்டியை இந்தத் தடமா அந்தத் தடமா என்று திருப்பிவிடுகிற வேலை. வருஷக்கணக்காக ராத்திரி டூட்டி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ரிட்டையர் ஆகி, திண்டிவனத்தில் நம் வீட்டுக்கு வந்தார். நான் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை.

வந்த ஒரு வருஷத்தில் மறதி வந்தது. முதலில் செருப்பை மறந்தார், அப்புறம் சாப்பிட்டதை மறந்தார். ஒரு நாள் காலையில் என்னையே உற்றுப் பார்த்து, "யாரு சார் நீங்க? பாண்டிச்சேரி வண்டி அந்தாண்ட பிளாட்பாரம்" என்றார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அன்றைக்கு மண்டியில் தராசு முள் எங்கே நிற்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

விழுப்புரத்தில் ஒரு டாக்டர் இருந்தார். ராத்திரி டூட்டி பார்த்த ரயில்வேக்காரர்களின் தூக்கத்தையும் மறதியையும் பற்றி, யாரும் சொல்லாமல் தானாகவே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"தூக்கம் கெட்டு மறதி வருதா, மறதி வந்து தூக்கம் கெடுதான்னு எனக்கே இன்னும் புரியலைப்பா. அண்ணன் எப்ப தூங்கறாரு, எப்ப முழிக்கிறாரு, எல்லாத்தையும் எழுதிட்டு வா" என்று ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார்.

எழுதினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். சாயங்காலம் ஆனால் பெரியப்பாவுக்கு ஆற்றில் இறங்குகிற மாதிரி தூக்கம் வரும். அந்த நேரத்தில் படுத்தால் மூதேவி வந்து உட்காருவாள் என்று உங்கள் அம்மா வாசற்படியில் நின்று, "மாமா, ஏந்திருங்க, விளக்கு வெக்கணும்" என்பாள். நான் தோளைப் பிடித்து உட்காரவைப்பேன். கனவு பாதியில் அறுந்த முகத்தோடு விழிப்பார்.

"நம்ம வூட்ல விளக்கு வெக்கிற நேரத்துல தூங்கிக்கினு கெடக்கறாங்கன்னு டாக்டருக்கு எழுதிடாதீங்க, மானம் போவும்" என்றாள் அவள். எனக்கும் வெட்கம்தான்.

நோட்டைப் பார்த்த டாக்டர், மனுஷன் தூங்குவதே இல்லை என்று நினைத்து ராத்திரிக்கு மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டதும் பெரியப்பா பகலெல்லாம் பனிக்குள் நடப்பவர் மாதிரி ஆனார். பத்து நாள் என்னை யாரென்றே தெரியவில்லை. இனி தெரியவே தெரியாதோ என்று பயந்து மறுபடியும் அழைத்துப் போனேன்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "டூட்டிக்கு எத்தனை மணிக்குப் போவாரு?"

"ராத்திரி பத்துக்குங்க."

"அப்ப தூங்கறது எப்போ?"

"சாயங்காலந்தாங்க, டூட்டிக்கு முன்னாடி..." என்று சொன்னவன் அப்படியே நின்றுபோனேன். அத்தனை வருஷமும் அவர் தூங்கிய வேளை அதுதான். அதைத்தான் நாங்கள் தினமும் தட்டிப் பறித்திருக்கிறோம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "நீ எழுதாம விட்ட இடத்துக்கு நான் மாத்திரை குடுத்திருக்கேன்யா. மூதேவி உங்க வீட்டுக்கு வரலை, நம்ம ரெண்டு பேருக்கு நடுவுலதான் உட்கார்ந்திருக்கா!" என்று சிரித்தார். பிறகு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். "அந்த நேரத்துல தூங்கட்டும். எழுப்பாதே."

"மறதி போயிடுங்களா?"

"சொல்லத் தெரியலைப்பா."

ரயிலில் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே புகையும் வயலும் ஒன்றாகிக்கொண்டிருந்தன. பெரியப்பா என் தோளில் சாய்ந்து தூங்கினார். தூக்கத்திலேயே, ஒவ்வொரு ஸ்டேஷனும் வருவதற்குச் சற்று முன்னால், "முண்டியம்பாக்கம்... விக்கிரவாண்டி..." என்று முணுமுணுத்தார். விழித்திருக்கும்போது தொலைத்ததெல்லாம் அந்த இருட்டில் பத்திரமாக இருந்தது போல. மயிலமும் தாண்டி நம் ஊர் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, சாப்டியாடா?"

அவரை இறக்கிக் கூட்டிக்கொண்டு நடந்தேன். வீட்டில் சொன்னபோது, "வீடு வெளங்கினாப்லதான்" என்றாள் உங்கள் அம்மா. ஆனாலும் எழுப்பவில்லை. மறதி போகவில்லை, பிள்ளைகளே. அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்த சில நாட்களில் மட்டும், கொஞ்ச நேரம், நான் அவருக்குத் தம்பியாக இருந்தேன்.

டாக்டரிடம் போய்வந்த மறுநாள் சாயங்காலம் உங்கள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார், வலது கை மட்டும் எதையோ மெல்ல இழுத்தது, எந்த வண்டிக்கோ வழி விடுவது போல. நானே விளக்கை ஏற்றினேன். வெளிச்சம் இமையில் பட்டு அவர் புரண்டார். மூலையிலிருந்த முறத்தை எடுத்து, விளக்குக்கும் அவர் முகத்துக்கும் நடுவே, அரிசி அளக்கிற படியில் சாய்த்து நிற்கவைத்தேன்.