பதினாறு துண்டுப் புடவை

எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி சாமிக்குப் படம் கிடையாது. என் மாமனாரின் மூத்த தாரம் அவர். தலைப்பிரசவத்திலேயே, பூவும் பொட்டுமாகப் போய்ச் சாமியாகிவிட்டார். பார்த்தவர் யாரும் இப்போது உயிரோடில்லை. இருப்பது ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு புடவை. வருஷத்துக்கு ஒருமுறை புதுப் புடவை வைத்துக் கும்பிடுவோம். பழையதை வீட்டில் பிறந்த பெண் கட்டிக்கொள்ள வேண்டும். அது நான் இல்லை, ராயக்கோட்டையில் வாக்கப்பட்டிருக்கும் என் நாத்தனார்.

இந்த வருஷம் தக்காளித் தோட்டத்து வேலை, அது இது என்று கும்பிடும் நாளுக்கு அவள் வரவே இல்லை. பழைய புடவை மடித்தபடி கிடந்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். ஓசூரில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. கழித்துப்போடும் ஒயர்த் துண்டு, கிழிந்த கிளவுஸ், பழைய யூனிபார்ம் எல்லாவற்றையும், சூப்பர்வைசரிடம் மூன்று தடவை கேட்டு, வாசல் கேட்டில் பையைத் திறந்துகாட்டி வீட்டுக்குக் கொண்டுவருவேன். துணிமேல் வைத்துத் தைத்துச் சுவரில் மாட்டுவேன். ஓவியப் பள்ளி நடத்தும் ஒரு மேடம் போனில் அவற்றின் படத்தைப் பார்த்துவிட்டு, கண்காட்சிக்கு ஒன்று வேண்டும் என்றார். என் கைவேலையை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்று சொல்லிவிட்டேன்.

பூவாடைக்காரியைச் செய்ய நினைத்தேன். முகம் தெரியாதவருக்கு முகம் எதற்கு, புடவையே போதும். பெட்டியில் கிடந்த அந்தப் பழைய, பூப்போட்ட அரக்குச் சிவப்புப் புடவையைப் பதினாறு துண்டாக வெட்டி, யூனிபார்ம் துணிமேல் பரப்பி, துண்டுகளின் ஓரமெல்லாம் மஞ்சள் ஒயரை வளைத்துத் தைத்தேன். நடுவில் விரல் விரித்த ஒரு கிளவுஸ். இரண்டு மாதம் ஆனது. நாத்தனாரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்பாளோ என்று பயந்து கேட்கவில்லை. கேட்காததை நினைத்துப் பயந்துகொண்டே தைத்தேன்.

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஞாயிறு காலை, பூவும் தேங்காயுமாக அவள் வந்து நின்றாள்.

"அண்ணி, பெட்டிய எடுங்க. கட்டிக்கினு கும்புட்டுட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் போவணும்."

நான் சுவரைக் காட்டினேன். கிட்டப் போய் கிளவுஸைத் தொட்டுப் பார்த்தாள்.

"சாமிக்கு இன்னா, கம்பெனில வேல கெடச்சிடுச்சா?"

"நீ வரலியேன்னு…"

"வரலன்னா? போன் இல்லியா உங்ககிட்ட? நான் கட்டுற வரைக்கும் அது சாமி புடவ. கட்டி அவுத்துட்டா வெறுந்துணி. அப்பறம் வெட்டுங்க, ஒயரு சுத்துங்க, யாரு கேக்கப்போறா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள்மேலா என்மேலா, தெரியவில்லை.

"கட்டாம உட்டா இன்னா ஆவும்?"

"எனக்குத் தெரியாது. நீங்க உட்டுப் பாக்குறீங்களா?"

அந்தத் தைரியம் எனக்கு ஏது. அப்படியே இறக்கி அவள் இடுப்பில் சுற்றிப் பார்த்தோம். ஒயர் முனை குத்தி, ஸ்ஸ் என்று விலகினாள். வேறு வழியில்லாமல் பிரித்தேன். அவளும் எதிரே உட்கார்ந்து கத்தரியால் நூலை வெட்டினாள். "தையல் கெட்டியாத்தான் போட்டுருக்கீங்க" என்றாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

துண்டுகளை மெஷினில் ஒன்று சேர்த்தேன். அவசரத்தில் இரண்டு இடத்தில் பூ தலைகீழாகிவிட்டது. மூட்டியதில் சுருங்கி, கணுக்கால் தெரிய அவள் கட்டிக்கொண்டாள். விளக்கேற்றிக் கும்பிட்டாள். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து, புடவையை என் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க. இப்ப வெட்டுங்க."

மூன்று மணி பஸ் எப்போதோ போயிருந்தது. அவள் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பியதும் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு ஆவாது மேடம்."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது. "தையல் பிரிஞ்சிடுச்சி மேடம்" என்றேன்.

"பரவால்லம்மா, அந்த இடத்துல வேற மாட்டிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

பாயெல்லாம் மஞ்சள் ஒயர் வளைந்து வளைந்து கிடந்தது. ஒன்றை எடுத்து நீவிப் பார்த்தேன். நேராகவில்லை.