நிலவேம்புக்கு வந்த பத்துச்சீட்டு

ஆய்வில் கண்ட உண்மையைச் சொல்வதோடு ஆய்வாளனின் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? பெரிய யுத்தம் முடிந்த மறு ஆண்டு, இலங்கையின் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்தகத்தில் இக்கேள்வி என்னை வந்தடைந்தது.

சென்னையில் விஞ்ஞானப் பட்டம் பெற்று அந்த மருந்தகத்தில் பணியேற்ற முதல் வாரமே தோட்டத்தை நடத்தும் துரை என்னை அழைத்தார். கொழுந்தெடுக்கும் மருதாயி, சாராயத்தில் ஊறிய நிலவேம்பை, லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் இருந்தோரின் புண்களுக்குப் பூசிவந்தாள்.

"அதுல கிருமி சாகுதா பாரு. சாகலேன்னா அவளுக்குப் பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு என்றால் வேலை நீக்கம். இரண்டு பிள்ளைகளோடு அவள் லயத்து அறையையும் காலிசெய்ய நேரும்.

சீழிலிருந்து வளர்த்த கிருமியை இறைச்சிச்சாற்றுக் குழாய்களில் இட்டேன். மருதாயியின் மருந்து சேர்த்த குழாய் கலங்கவில்லை, கிருமி வளரவில்லை. வெறும் சாராயம் சேர்த்த குழாயும் கலங்கவில்லை. நீரில் காய்ச்சிய நிலவேம்பு சேர்த்ததோ நன்றாகக் கலங்கிவிட்டது. கொன்றது சாராயமே, இலை பயனற்றது என்று அறிவித்தேன்.

துரை யோசித்தார். "அப்ப மருதாயி இருக்கட்டும். எலைக்குப் பத்துச்சீட்டு குடு. ஆனா புண்ணு ஆறலேன்னா அவளும் போகணும்."

இலை நீக்கப்பட்டது; போத்தல்களில் வெறும் சாராயமே மருந்தாக இருந்தது. மறுநாள் காலை ஆளெண்ணும் பெரட்டில் ஆண்களில் பாதிப்பேர் கட்டுப்போட்டு நின்றனர். பெரிய கங்காணி தலையில் சாக்கைச் சுற்றியிருந்தார். வாரக்கடைசியில் ஒன்றைத் தவிரப் போத்தல்கள் எல்லாம் காலி. உண்மையான புண்களோ அப்படியே இருந்தன. கட்டுப்போட்டவர்கள் மருந்தகத்து வாசலில் வரிசையாக நிற்க, துரை பத்துச்சீட்டோடு வந்தார்.

"நா பூசத்தாங்க ஊத்துனேன்," என்று மருதாயி அழுதாள். "வாய்க்குள்ள புண்ணுங்கிறானுங்க!"

"உள்காயம், தொரை," என்றார் கங்காணி பணிவாக.

"எல என்னா பாவம் பண்ணுச்சு? அது இருந்தவரைக்கும் ஒருத்தனுக்கும் உள்காயமில்லயே!" என்றாள் மருதாயி.

நான் எஞ்சிய போத்தலில் நிலவேம்புச் சாற்றை ஊற்றி, கங்காணியிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்தவர் துரையின் சப்பாத்தின் மேலேயே துப்பிவிட்டார். வரிசை மளமளவென்று கலைந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியால் மெய்யாகவே காலை வெட்டிக்கொண்ட ஒருவன் மட்டும் நின்றான்.

துரை சப்பாத்தைப் பார்த்தார். பத்துச்சீட்டைக் கிழித்து, அந்தத் தாளால் சப்பாத்தைத் துடைத்தார்.

மருதாயி தோட்டத்திலேயே இருந்தாள். நிலவேம்பு மருந்தகத்துக்குத் திரும்பியது. ஒன்றைப் பயனற்றது என்று எழுதும்போதெல்லாம், எதற்குப் பயனற்றது என்பதையும் அதன்பின் சேர்த்தே எழுதினேன்.