கலிங்கம் ஜெயித்த மடுவம்

சூடேறிய களிமண்ணின் வாசனையும் வாடிய தேயிலைக் கொழுந்தின் வாசனையும் கலந்தால் மூக்கின் நுனியில் லேசாகக் கரிக்கும். ஃபாக்டரி டிரையர் அறையின் விறகு அடுக்குக்குப் பின்னால் ஐம்பது மண் சிப்பாய்களை ஒளித்து வைத்துவிட்டு, அங்கே நெருப்புப் போடுகிற அப்பா பார்த்துவிடுவாரோ என்று பயந்து நின்றவர்களுக்குத்தான் அது தெரியும். உலகத்தில் அப்படி நின்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீலகிரியில் நெல்லியாளத்துக்கு மேலே, இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் குடியிருந்த எஸ்டேட்டில்தான் நாங்களும் இருந்தோம். தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, ஃபாக்டரியில் இரண்டே நாள்தான் நெருப்பு, எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே இரண்டு வீட்டுக்காரர்கள் பூட்டைப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பிழைக்கப் போயிருந்தார்கள். எங்களுக்கோ காலாண்டுப் பரீட்சை லீவு. வெளியே விடாத மழை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான "மடுவம்" பாதி நாள் சும்மாவே கிடந்தது. அதன் சிமெண்டுத் தரைதான் எங்கள் போர்க்களம்.

விளையாட்டு இதுதான். சரித்திரப் பாடத்திலிருந்து ஆளுக்கு ஒரு ராஜாவை எடுத்துக்கொண்டு, களிமண்ணில் யானையும் காலாளும் பிடித்து எதிரெதிரே நிறுத்தி, முறை வைத்துக் கோலிக்குண்டு உருட்ட வேண்டும். காலாள் குண்டு தொட்டாலே விழுவான். யானையைச் சாய்க்க வேண்டும், அது லேசில் சாயாது. யார் படை முழுதும் விழுகிறதோ அவர் தோற்றார். அப்படியானால் எல்லாரும் யானையாகவே கொண்டுவந்துவிட மாட்டார்களா என்பீர்கள். அதற்குத்தான் தராசு. மடுவத்தில் தொங்கிய முள் தராசில் படையை ஒரு துணியில் வைத்து மாட்டி நிறுப்போம். எந்தப் படையும் அரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எட்டு யானை கட்டினால் தீர்ந்தது, இல்லை நாற்பது காலாள். கொழுந்து எடை எழுதுகிற, வேலை குறைந்து பொழுது போகாமல் கிடந்த கணக்கப்பிள்ளை ஐயாதான் நிறுத்துத் தீர்ப்புச் சொல்வார்.

இதில் என் வேலை என்ன தெரியுமா? மண் பிசைவது. இரண்டு வருஷம், அத்தனை ராஜாக்களுக்கும் ஓடைக் களிமண் சுமந்து பிசைந்து கொடுத்தவள் நான். படை நடத்த மட்டும் பொம்பளைப் பிள்ளை ஆகாது. அந்த லீவில் எனக்குப் பொறுக்கவில்லை. கங்காணி மகன் சிவராசு, எங்கள் சக்கரவர்த்தி, என்னைவிட இரண்டு வகுப்பு மூத்தவன். அவன் முன்னால் போய், நானும் ஆடுவேன் என்றேன்.

"ஆடு. ஆனா தோத்தேன்னு வையி, பத்தாங்கிளாஸ் முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காம எங்களுக்கு மண்ணு பிசையணும். சரியா?"

சரி என்றுவிட்டேன். வாய்க்கொழுப்பு. அவன் அசோகரை எடுத்தான், எட்டும் யானை. நான் கலிங்கத்தை எடுத்தேன், மொத்தமும் காலாள். மடுவமே சிரித்தது. "புத்தகத்துலயே தோத்துப் போனவனுகள எடுக்குது பாரு, லூசு!" என்றான் ஒருத்தன்.

லூசு இல்லை. பிசைந்த கைக்கு மண்ணின் குணம் தெரியும். வெயில் காலத்தில் யானை கல்லாகிவிடும், அசைக்க முடியாது. அடைமழையில் மண் காயவே காயாது. போதாக்குறைக்கு வெடித்துவிடும் என்று பயந்து சிவராசு தன் யானைகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தான். ஈர மண் கனம் கூடுதல், காலில் உறுதி இல்லை. நான் என் ஆட்களை டிரையர் பக்கம் கொண்டு போனேன். ஒரு நாள் சூட்டில் தண்ணீரெல்லாம் போய், நாற்பது பேர் நிற்க வேண்டிய அரைக் கிலோவில் எனக்கு ஐம்பது பேர் நின்றார்கள்.

போர் நாளன்று மத்தியானக் கொழுந்தை நிறுக்கப் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். என் படையை மாட்டியதும் முள் சரியாக அரைக் கிலோவில் நின்றது. எண்ணிப் பார்த்த சிவராசு குதித்தான்.

"ஐயா, இது கள்ளாட்டம்! சுட்டுக் கொண்டாந்திருக்கா. காஞ்சதுக்குத் தக்கன எடை கூட்டிப் போடுங்க, பத்துப் பேர வெளிய எடுக்கச் சொல்லுங்க!"

கணக்கப்பிள்ளை தாடையைச் சொறிந்தார். பத்துப் பேர் போனால் நான் தொலைந்தேன். அப்போதுதான் வரிசையிலிருந்து என் அம்மா, தலையில் கட்டிய கூடைக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல், கேட்டாள்.

"ஏங்கய்யா, மழையில நனைஞ்ச கொழுந்துக்குத் தண்ணிக் கழிவுன்னு ரெண்டு கிலோ, மூணு கிலோ கழிக்கிறீங்க. வெயில்ல வாடின கொழுந்துக்கு என்னைக்காவது ஒரு கிலோ கூட்டிப் போட்டிருக்கீங்களா? எங்களுக்கு இல்லாத கூட்டு, இந்தப் புள்ளையோட மண்ணுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கணக்கப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி சரி! கூட்டலும் இல்ல, கழித்தலும் இல்ல. முள்ளு எங்க நிக்குதோ அதுதான் கணக்கு. ஆடுங்க!"

"நல்ல வார்த்த சொன்னீங்க. இதே வார்த்த எங்க கூடைக்கும் இருக்கட்டுங்க" என்றாள் அம்மா.

மனுஷர் தலையாட்டிவிட்டார். சொன்னது சொன்னதுதானே, அதுவும் அத்தனை பேர் முன்னால்.

ஆட்டத்தைச் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் விடுவேனா! என் ஆட்களை நெருக்கி நிறுத்தாமல் சாண் இடைவெளி விட்டு நிறுத்தியிருந்தேன்; ஒரு குண்டுக்கு ஒருத்தனுக்கு மேல் அவனால் சாய்க்க முடியவில்லை. நான் யானையின் உடம்பைப் பார்க்கவே இல்லை, காலையே குறி வைத்தேன். முதல் யானை முன்னங்கால் மடங்கி, சாமி கும்பிடுகிற மாதிரி மெல்லக் குனிந்து விழுந்தபோது பெண்கள் கூடையைத் தட்டினார்கள். எட்டாவது யானை சாய்ந்தபோது என் பக்கம் முப்பத்தோரு பேர் நின்றார்கள். சிவராசு மறுநாள் ஒரு சட்டி களிமண்ணோடு எங்கள் வாசலில் நின்றான். "பிசைஞ்சு தரட்டா?" என்று கேட்டான். அப்போது வந்த கர்வம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

அன்றைக்கு நனைந்த கொழுந்துக்குக் கழிவு போடவில்லை. அந்த மழை ஓயும்வரை, கணக்கப்பிள்ளையின் பென்சில் கழிவுக் கட்டத்துக்குப் போகும்போதெல்லாம் வரிசையே ஒரே குரலில் "முள்ளு எங்கய்யா நிக்குது?" என்று கேட்கும், அவரும் சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிடுவார்.

இப்போது அந்த மடுவம் இல்லை. கூரைத் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லயத்தில் பாதிக்கு மேல் பூட்டு. கொழுந்து நிறுக்க எண் காட்டுகிற மிஷின் வந்துவிட்டது, அதில் முள்ளே கிடையாது. அம்மா என்னோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன வாரம் கீரையையும் எடைக்கு விற்கிற காய்கறிக் கடையில், சொட்டச் சொட்ட நனைத்து வைத்திருந்த கீரைக் கட்டைக் கடைக்காரர் மிஷினில் வைத்தார். அம்மா அதைத் தூக்கி, நன்றாக இரண்டு உதறு உதறி, திரும்ப வைத்தாள்.

"இப்பப் பாருங்க தம்பி. இதுதான் கணக்கு."