முன் கதவுக்குத் தகடு

அந்த லெதர் சீட்டின் வாசம் இன்னும் நினைவிருக்கிறது... தோலும் எங்கள் வெள்ளைக்காரத் துரையின் சுருட்டுப் புகையும் கலந்த வாசம். எங்கள் தோட்டத்திலேயே பெரிய கார் அது ஒன்றுதான். கறுப்பு. சீமையிலிருந்து கப்பலில் வந்தது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு போட்ட எமர்ஜென்சி காலம். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஆபீஸில் நான் சின்னக் கிராணி, கணக்கு எழுதுபவன். இருபது வயது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் துரைமார் கார்களைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் கார்களுக்கு இரும்புத் தகடு அடிப்பது வழக்கமாகிவிட்டது. எங்கள் துரையின் காரையும் சர்வீஸுக்கும் தகடு அடிக்கவும் சேர்த்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். கார் விற்ற கம்பெனியின் ஒர்க்‌ஷாப்புக்குத்தான்.

முந்தின தடவை அவர்கள் போட்ட பில்லைப் பார்த்துத் துரைக்கு முகம் சிவந்துபோயிருந்தது. "தேவையில்லாததை எல்லாம் நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நீ போய்ப் பார்த்து வெட்டு" என்று இங்கிலீஷில் சொல்லி என்னையும் டிரைவரோடு அனுப்பினார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

டிரைவர் மாரிமுத்து அண்ணன். நாற்பதைத் தாண்டியவர், இரண்டு பெண் பிள்ளைகள். அதிகம் பேச மாட்டார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

ஒர்க்‌ஷாப்பில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் லிஸ்டை நீட்டினார். மேல் பாதியில் ஆயில், பிளக், பிரேக், பின் சீட்டைச் சுற்றித் தகடு. அதெல்லாம் பேசி முடித்தது. கீழ்ப் பாதிக்கு 'சிபாரிசு' என்று தலைப்பு. சீட்டுக்குப் பாலிஷ், புது ஹார்ன், பனி விளக்கு, ரேடியோ...

நடுவில் ஒரு வரி. 'முன் கதவு, டிரைவர் பக்கம், தகடு.' அதற்குத் தனி விலை.

"எல்லாமே அவசியம்தான்" என்று அந்த ஆள் சிரித்தார். இவனிடமா ஏமாறுவேன் என்று எனக்கு ஒரு வீம்பு. சிவப்புப் பென்சிலை எடுத்துக் கீழ்ப் பாதி முழுவதற்கும் ஒரே கோடாக இழுத்துவிட்டேன்.

படிக்காமல் இழுத்தேன் என்று சொல்ல ஆசைதான். படித்துவிட்டுத்தான் இழுத்தேன்.

நாலு நாள் கழித்து பஸ்ஸில் போய்க் காரை எடுத்தோம். மாரிமுத்து அண்ணன் ஒவ்வொரு கதவையும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். பின் கதவு கனத்த சத்தம் கொடுத்தது. முன் கதவு பால் டின்னைத் தட்டியது போல இருந்தது.

"முன்னால போடலியா கிராணியாரே?"

"அது எக்ஸ்ட்ரா லா அண்ணே. தேவையில்லாததெல்லாம் வெட்டிட்டேன்."

முன் கதவை இன்னொரு தடவை தட்டினார். "அப்படியா, சரி" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

துரை இல்லாவிட்டாலும் அந்தப் பின் சீட்டில் எங்களில் யாரும் உட்கார மாட்டோம். உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் உட்கார மாட்டோம். அதனால் நான் முன்னால், அவர் பக்கத்தில். பின்னால் சுற்றிலும் இரும்பு வைத்த சீட்டு காலியாக வந்துகொண்டிருந்தது.

ரவாங் தாண்டி ரப்பர் மரங்கள் ரோட்டை ஒட்டி நெருங்கி நிற்கும் ஒரு வளைவு உண்டு. முந்தின மாதம்தான் அங்கே ஒரு தோட்டத்து லோரியைச் சுட்டிருந்தார்கள். வளைவுக்கு முன்னால் அவர் காரை நிறுத்தினார்.

"நீங்க பின்னால போய் உக்காருங்க."

"தொர சீட்டுலயா? யாராச்சும் பாத்தா..."

"ஒங்க அம்மாவுக்கு நாந்தான் பதில் சொல்லணும். போங்க."

போனேன். 'நீங்க என்ன செய்வீங்க' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையைத் தாழ்த்தி உட்கார்ந்துகொண்டேன். தகட்டுக்கு மேலே அவருடைய பின்கழுத்து மட்டும் தெரிந்தது. வியர்த்திருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. தோட்டத்துக் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, மறுபடி என்னை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். துரை பில்லைப் பார்த்து என் தோளைத் தட்டினார். அடுத்த மாதமே வேலை நிரந்தரமானது.

முன் கதவுக்கும் தகடு வேண்டும் என்று ஒரு கடிதம் டைப் அடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். ஆனால் அன்றைக்கு வெட்டியது தப்பு என்று துரையிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்... கடைசி வரை அடிக்கவில்லை.

எமர்ஜென்சி முடியும் வரை மாரிமுத்து அண்ணன் அந்தக் கதவோடுதான் ஓட்டினார். பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, பேரன் பேத்தி பார்த்து, வயதாகித்தான் போய்ச் சேர்ந்தார். ஒரு தடவைகூட என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் பேத்தியின் காரை சர்வீஸுக்கு விட அவளோடு போனேன். விலை உயர்ந்த கார். கார் கம்பெனியிலேயே ஏர்கான் ஹால், காபி, பிஸ்கட். நம்ம தமிழ்ப் பையன் ஒருவன் டேப்லெட்டில் லிஸ்ட் காட்டினான். ஏர்கான் கிளீனிங், என்னமோ கோட்டிங், வாசனை ஃபில்டர்... அன்றைய கீழ்ப் பாதிக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை.

"தாத்தாகிட்ட காட்டுங்க, அவரை ஏமாத்த முடியாது" என்றாள் பேத்தி. நாலு ஐட்டத்தை வெட்டினேன். பிறகு அந்தப் பையனிடம், "டிரைவர் பக்கம் ஏர்பேக் இருக்கா தம்பி? அதுக்குத் தனிக் காசா?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "டிரைவருக்கு இல்லாம எப்படி லா தாத்தா வண்டி விப்பாங்க?" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

அவர்கள் விற்கத்தான் பார்த்தார்கள் தம்பி, வேண்டாம் என்றது நான்தான்... வாய் வரை வந்தது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சொல்லவில்லை.