கோணல் சுண்டுவிரல்

வந்த கடிதத்தைப் படித்து, படியெடுத்து, மூலத்தை அடுப்பில் போட்ட பிறகுதான் ஜெனெட் போலாக் காலைக் காப்பியைத் தொடுவாள். இங்கிலாந்திலிருந்து வந்த கடிதமானால் தன் வீட்டுச் செய்தி போல மாற்றி எழுதி ஜெர்மனிக்கு அனுப்புவாள். அங்கிருந்து வந்ததானால் இங்கிலாந்துக்கு. சண்டை போடும் இரண்டு நாடுகளுக்கும் நடுவே தபால் கிடையாது. போரில் சேராத நாட்டில், சூரிச்சில், அவளைப் போல ஒரு சொந்தக்காரி வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

"தணிக்கைக்காரங்க கையில மூலம் ஒண்ணு மாட்டுச்சுன்னா மொத்தக் கதவையும் சாத்திடுவாங்க" என்பது அவள் சட்டம்.

பிழைப்புக்குக் கையுறை தைக்கிறாள். ஆளைப் பார்த்தால் முதலில் கையைத்தான் பார்ப்பாள். ரொட்டிக்கடைக்காரரின் பெயர் மறந்துபோகும், கட்டைவிரல் மறக்காது. யூத மதகுருவான ராபியின் மனைவியிடமே, "உங்களுக்கு வலது கைதான் பெரிசு. நிறையப் பேரை அதட்டுறீங்க போல" என்று சொன்னவள்.

கணவர் சாலி மாட்டு வியாபாரி. "உன் கைக்குச் சுளுக்குப் பிடிச்சா ரெண்டு நாடும் ஊமையாயிடும்டி" என்பார்.

"நீங்க மாட்டைப் பாருங்க. கடுதாசியை நான் பாத்துக்கறேன்."

இந்த வசந்தத்தில் ஜெர்மனியின் பிரெஸ்லாவிலிருந்து சித்தி மகள் ஹெடெல் எழுதியிருந்தாள். போர் மூளுமுன்பே மகள் லோரேயைத் தனியே ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பியவள். 'பொண்ணு நல்லா இருக்கா, நல்லா சாப்பிடுறான்னு எழுதுற. எல்லாமே உன் கையெழுத்து. என் மனசு உடையக் கூடாதுன்னு நீயே இட்டுக்கட்டுறியோ? உண்மையைச் சொல்லிடு அக்கா.'

அன்று ஜெனெட்டுக்கு ஊசி ஓடவில்லை. சத்தியம் செய்து எழுதினாலும் அதுவும் அவள் கையெழுத்துதானே.

மறுநாள் லோரேக்கு எழுதினாள்: இடது கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. வந்தது. அதைக் கையுறை வெட்டும் அளவுத்தாளில் படியெடுத்தபோது சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. லோரேயை அவள் நேரில் பார்த்ததில்லை. பிள்ளை கையை அசைத்துவிட்டாள் என்று நினைத்து, விரலை நேராக்கக் கத்தரியை எடுத்தாள். என்ன தோன்றியதோ, கீழே வைத்துவிட்டாள். தணிக்கைக்காரனுக்குத் தையல் விஷயமாகத் தெரியட்டுமென்று, 'சின்னப் பெண்ணுக்குக் கையுறை. சுண்டுவிரல் கோணலாக இருக்கிறது. நேராக்கவா?' என்று அடியில் எழுதி ஹெடெலுக்கு அனுப்பினாள்.

பதில் வரும்வரை தபால்காரரின் கையை ஒரு குறையும் சொல்லவில்லை.

'நேராக்காதே அக்கா. அது சரியாத்தான் இருக்கு. ரெண்டு வயசுல கதவிடுக்குல நசுங்கின விரல். அதுமேல என் கையை வெச்சுப் பாத்தேன். எவ்வளவு வளந்துட்டா. இனி உன் கையெழுத்து என்ன சொன்னாலும் நம்புவேன். உனக்குக் கோடி நன்றி.' கூடவே இன்னொரு தாள். அதில் ஹெடெல் தன் கையைச் சுற்றிக் கோடு போட்டிருந்தாள்.

சாலி மூக்கைச் சிந்திக்கொண்டார். "உனக்கு எப்படி நன்றி சொல்றா பாரு."

"எனக்கெதுக்கு? அந்தக் கதவுக்குச் சொல்லணும்."

சொன்னாளே தவிர, கத்தரியை எட்டத் தள்ளிவைத்தாள். விரலை வெட்டி நேராக்கியிருந்தால் ஹெடெல் எதையும் நம்பியிருக்க மாட்டாள். வெட்டவிடாத கடவுளுக்கு வாய்க்குள்ளேயே நன்றி சொன்னாள்.

பிறகு வழக்கம்போல ஹெடெலின் கையையும் படியெடுத்தாள். மூலம், படி இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் போட்ட கோடு சுத்தமாக இருந்தது. ஹெடெலின் கோடு கட்டைவிரல் பக்கம் நடுங்கியிருந்தது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஹெடெலின் தாளை மடித்து லோரேக்கான உறையில் வைத்து ஒட்டினாள். தான் எடுத்த படியை அடுப்பில் போட்டாள்.