கீரைக்கு அடியில் ஒரு கருப்பு பீர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், காபித்தூளில் கலக்கும் சிக்கரியை வறுத்துப் பொடிக்கும் கம்பெனி ஒன்றில் எட்டு வருஷமாகத் தரப் பரிசோதனை வேலை பார்க்கிறேன். வறுபட்டது போதுமா, கருகிவிட்டதா என்று மூக்கால் சொல்வதுதான் என் வேலையில் பாதி. அந்த மூக்குதான் முப்பத்து நாலு வயதில் என்னைப் பீரிடம் கொண்டுபோய் விட்டது.

போன வருஷம் பெங்களூருவுக்குப் பயிற்சிக்காக அனுப்பினார்கள். கடைசி நாள் சாயங்காலம், அங்குள்ள கிளையில் வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர், பீரை அங்கேயே காய்ச்சி விற்கும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். நான் எலுமிச்சை ஜூஸ் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். எதிரில் இருந்தவளின் கருப்பு கிளாஸிலிருந்து எங்கள் லேப் வாசனை வந்தது. கேட்டதற்கு ஸ்டவுட் என்றாள். பார்லியைக் காபிக்கொட்டை மாதிரி வறுத்துக் காய்ச்சுவதாம். ஒரு வாய் வாங்கிக் குடித்தேன். முதலில் கசப்பு, பிறகு கருகின வெல்லம், கடைசியில் நாக்கின் ஓரத்தில் மெல்லிய புளிப்பு. போதையைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. இதை எத்தனை டிகிரியில் வறுத்திருப்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். கம்பெனி தரும் பயணப்படியில் முழு கிளாஸ் கட்டுப்படியாகாது. ருசி பார்க்கவென்றே சின்ன கிளாஸ் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. மூன்று பேரும் ஆளுக்கொரு வகை வாங்கி மாற்றி மாற்றிக் குடிப்போம். போர்ட்டர் என்ற வகையில் சாக்லேட் வாசம் அதிகம். டார்க் லாகர் நிறத்தில்தான் கருப்பு, தொண்டையில் லேசு, விலையும் குறைவு. கருப்பாக இருந்தால் போதை அதிகம் என்று நான் நினைத்திருந்தது தப்பு. ரொம்பச் சில்லென்று குடித்தால் வாசனை செத்துவிடும். எல்லாவற்றையும் லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

என் கணவருக்கு இதெல்லாம் தெரியும். அவர் அதே பேட்டையில் லேத் ஓட்டுகிறார். குடிக்கமாட்டார். அவர் அம்மாவின் தம்பி நாற்பது வயதில் குடித்தே போனவர். ஆரம்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் இதே வீட்டில், முன்னறைக் கட்டிலில், கடைசி மூன்று மாதம் என் மாமியார்தான் அவரைப் பார்த்துக்கொண்டார். அது தெரிந்திருந்தும், மூன்றாவது முறை திரும்பும்போது ஒரு கேன் ஸ்டவுட்டைத் துணிகளுக்கு நடுவில் வைத்து எடுத்துவந்தேன். வெளிமாநிலச் சரக்கை இப்படிக் கொண்டுவரக் கூடாது என்பதும் தெரியும். ரயிலில் யாராவது காக்கிச் சட்டை நடந்து போனால் பையைக் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொள்வேன். கணவருக்கு ஒரு வாய் ருசி காட்ட வேண்டும் என்ற ஆசைதான்.

பீரோவில் புடவைக்குள் வைத்திருந்தேன். மே மாத வெயிலில் அந்த அறை கொதித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேனைத் தொட்டால் சுடுகிற மாதிரி இருந்தது. வெடித்துவிடுமோ என்று பயம் வந்தது. அன்று மாமியார் சூளூர்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். கணவர் பைக்கில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனதும் கேனை எடுத்து, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் முருங்கைக்கீரைக்கு அடியில் வைத்தேன்.

அரை மணி நேரத்தில் பைக் திரும்பியது. பின்னால் மாமியார் உட்கார்ந்திருந்தார். தண்டவாளத்தில் ஏதோ வேலை, ரயில் இல்லையாம். உள்ளே வந்தவர், வெயில் மண்டையைப் பிளக்கிறது, எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே ஃபிரிட்ஜைத் திறந்தார். நான் எடுத்துத் தருகிறேன் என்று, பிசைந்துகொண்டிருந்த மாவுக் கையோடு ஓடினேன். அதற்குள் தட்டை இழுத்துவிட்டார்.

கீரை நகர்ந்தது. கேனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. படத்தில் நுரை பொங்கும் கிளாஸ் இருந்தது, அது போதும். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மகனைப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

கணவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, தன்னுடையதுதான், கம்பெனியில் யாரோ கொடுத்தார்கள், தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்று தணிந்த குரலில் சொன்னார். மாமியார் கேனைத் தரையில் வைத்தார். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க மாமன் எப்டிப் போனான்னு பாத்துக்கினு தானேடா இருந்த. இதே ஊட்ல தானே."

சும்மா இருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். மாமியார் ஒரு வாரம் மகனோடு பேசாமல் இருந்துவிட்டு, பிறகு மன்னித்திருப்பார். கணவர் தலை குனிந்து நின்ற விதம்தான் என்னைப் பேச வைத்தது.

"அத்தே, அது என்னுது. நான்தான் பெங்களூர்ல இருந்து வாங்கியாந்தேன்."

ஃபிரிட்ஜ் கதவு திறந்தே கிடந்தது. அதை மூட யாருக்கும் தோன்றவில்லை. எவ்வளவு நாளாக என்று மாமியார் கேட்டார். ஒரு வருஷமாக, பெங்களூருக்குப் போகும்போது மட்டும், ஒரு சின்ன கிளாஸ் என்றேன்.

"அவனும் அப்டித்தான் ஆரம்பிச்சான்," என்றார்.

பிறகு எழுந்துபோய் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "எவ்ளோ குடிப்பியோ என் எதிர்ல குடி. நான் பாக்கறேன்."

கணவர் வேண்டாம் என்று குறுக்கே வந்தார். மாமியார் அவர் கையைத் தட்டிவிட்டார். நான் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து கேனைத் திறந்தேன். ஊற்றும்போது பாதி டம்ளர் நுரையாகவே வந்தது. ஒரு வாய் குடித்தேன்; காபியும் இல்லை, சாக்லேட்டும் இல்லை. பயத்தில் வெறும் கசப்புதான் தெரிந்தது. மாமியார் டம்ளரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைத் தேடுகிறார் என்று மூன்றாவது வாயில் எனக்குப் புரிந்தது. தம்பியின் முகத்தில் பார்த்த ஏதோ ஒன்றைத் தேடினார். அது என் முகத்தில் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கால் டம்ளர் மீதி இருக்கும்போது கீழே வைத்துவிட்டேன்.

"போதுமா?" என்றார்.

"போதும் அத்தே."

கேனில் இருந்ததையும் டம்ளரில் இருந்ததையும் தொட்டியில் கொட்டினார். டம்ளரைப் புளி போட்டு இரண்டு முறை தேய்த்தார். பத்து நாள், சோறு ஆச்சா, கரண்ட் வந்ததா என்பதைத் தவிர என்னோடு பேச்சில்லை. பதினோராவது நாள் காலை, நான் டிபன் கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். "இனிமே அங்கியே குடிச்சிட்டு வா. ஊட்டுக்கு எத்துனு வராத," என்றார். சரி என்றேன்.

அதன் பிறகு ஒருமுறை பெங்களூரு போய்வந்தேன். பையை இறக்கி வைப்பதற்குள் குடித்தாயா என்று மாமியார் கேட்டார். ஒரு சின்ன கிளாஸ் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நெல் காயப்போட்டிருக்கிறது, மழை வரும் போல இருக்கிறது, வந்து ஒரு கை பிடி என்று கூப்பிட்டார்.